படுக்கச் சொன்னது யார்?

போன வருஷம் ஐப்பசியில் என் அக்காவுக்கு முதல் குழந்தை பிறந்தது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை. ராத்திரி பதினொரு மணிக்கு வலி எடுத்து உள்ளே போனாள், காலையில் எட்டரைக்குக் குழந்தை. தாயும் சேயும் நலம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த மூணாவது நாள் அக்கா சொன்ன ஒரு விஷயம் என் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

"வலியைக்கூடத் தாங்கிட்டேன்டி. எழுந்து நிக்க விடலையே, அதைத்தான் தாங்க முடியல. ஒவ்வொரு வலிக்கும் முதுகு ரெண்டாப் பிளக்குற மாதிரி இருந்துச்சு. சுவத்தைப் புடிச்சுட்டு நின்னா பரவாயில்லைன்னு உடம்பு கெஞ்சுது. இறங்கப் போனா, 'ஏம்மா இறங்குற, ஏறிப் படு'ன்னு திட்டு விழுது."

பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த எங்க பாட்டி நிமிர்ந்து பார்த்தாங்க. "மல்லாக்கப் படுக்கவெச்சா புள்ள எப்படி எறங்கும்? கெணத்துத் தண்ணி மாதிரி மேல இழுக்கணுமா?"

பாட்டிக்கு ஏழு பிரசவம். ஏழும் வீட்டில். உத்தரத்தில் ஒரு தாம்புக்கயிறு கட்டித் தொங்கவிடுவார்களாம். வலி வரும்போது அதைப் பிடித்துத் தொங்குவது, வலி விட்டதும் நடப்பது, கடைசியில் கயிற்றைப் பிடித்தபடி மண்டி போடுவது. முதுகுக்குப் பின்னால் ஒருத்தி முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்பாள். முன்னால் மருத்துவச்சி.

பாட்டி படுக்கவில்லை, பேத்தி படுக்கவைக்கப்பட்டாள். நடுவில் என்ன நடந்தது? யார், எப்போது, எதுக்காகப் படுக்கச் சொன்னது? இதைத் தேடப் போய்த்தான் இந்த எபிசோட். ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை, வரலாறு படிக்கிறவள். உங்க பிரசவத்தை உங்க டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க, என்கிட்ட இல்லை.

ரொம்பப் பழைய சாட்சியத்தில் இருந்து தொடங்கலாம். அது ஒரு செங்கல். 2001-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு ஒன்று எகிப்தில் அபிடோஸ் என்ற இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தது. ஜோசஃப் வெக்னர் தலைமை. ஊர்த் தலைவரின் மாளிகைக்குள், பெண்கள் வாழ்ந்த பகுதியில், சுடாத மண் செங்கல் ஒன்று கிடைத்தது. நீளம் 35 சென்டிமீட்டர், அகலம் 17. வயது சுமார் 3,700 ஆண்டுகள். அதன் மேல் வண்ண ஓவியம்: பிறந்த ஆண் குழந்தையைக் கையில் ஏந்திய தாய், அவளுக்கு இரண்டு பக்கமும் உதவிக்குப் பெண்கள்.

எகிப்தியப் பெண்கள் செங்கற்களின் மேல் குத்தவைத்து உட்கார்ந்து பிள்ளை பெற்றார்கள் என்பது எழுத்துகளில் இருந்து முன்பே தெரிந்ததுதான். பிரசவச் செங்கல்லுக்கு மெஸ்கெனெத் என்று ஒரு பெண் தெய்வமே உண்டு. 'பெற்றெடு' என்பதற்கான சித்திர எழுத்தைப் பார்த்தால், மண்டியிட்ட ஒரு பெண், அவளுக்குக் கீழே வெளியே வரும் குழந்தையின் தலை. எல்லாம் தெரியும், ஆனால் அந்தச் செங்கல் ஒன்றுகூடக் கைக்குக் கிடைத்ததில்லை. கிடைத்தது அதுதான் முதல் முறை.

நம்ம பக்கமும் ஒரு பழைய வாக்குவாதம் இருக்கு. சரக சம்ஹிதையின் சாரீர ஸ்தானம் என்ற பகுதியில். வலி வந்தும் பிள்ளை இறங்கவில்லை என்றால் என்ன செய்வது? எழுந்து உலக்கையை எடுத்து உரலில் தானியம் குத்தச் சொல், நடுநடுவே கொட்டாவி விடச் சொல், நடக்கச் சொல் என்கிறார்கள் சிலர். ஆத்ரேயர் மறுக்கிறார். அந்த நேரத்தில் உலக்கை பிடிப்பது உயிருக்கே ஆபத்து, வேண்டாம். ஆனால் கொட்டாவியும் நடையும் இருக்கட்டும் என்று முடிக்கிறார். எவ்வளவு வேலை கொடுக்கலாம் என்பதில்தான் சண்டை. நடக்கலாமா கூடாதா என்று அங்கே யாரும் கேட்கவே இல்லை.

அப்புறம் ரோம். ரோம் நகரத்துக்குத் துறைமுகமாக இருந்த ஓஸ்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு கல்லறை, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. கட்டியவள் ஸ்க்ரிபோனியா ஆத்திகே என்ற மருத்துவச்சி. கல்லறையின் முகப்பில் இரண்டு சுடுமண் சிற்பங்கள். ஒன்றில் அவள் கணவன் யாரோ ஒருவரின் காலுக்கு வைத்தியம் பார்க்கிறான். இன்னொன்றில் அவளே: பிரசவ நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் ஒருத்தி அவளைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள், முன்னால் சின்ன முக்காலியில் ஸ்க்ரிபோனியா கையை நீட்டியபடி. எங்க பாட்டி சொன்ன அதே மூணு பேர், அதே இடங்களில்!

அந்தச் சிற்பத்தில் எனக்குப் பிடித்த விஷயம் மருத்துவச்சியின் முகம். அவள் கீழே பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கிறாள். ஏறக்குறைய அதே காலத்தில் ரோமில் இருந்த சொரானஸ் என்ற கிரேக்க மருத்துவர் தன் நூலில் இதைச் சொல்கிறார்: மருத்துவச்சி அந்தரங்க இடத்தையே உற்றுப் பார்க்கக் கூடாது, வெட்கத்தில் அந்தப் பெண்ணின் உடம்பு இறுகிப்போகும். பிரசவ நாற்காலி எப்படி இருக்கணும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். பலகையின் நடுவில் பிறை வடிவத்தில் வெட்டு, கைகளுக்குப் பிடி, முதுகுக்குச் சாய்மானம். வேலை நடப்பது கையால், கண்ணால் இல்லை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பாரிஸில் தேவைப்படும்.

இந்த நாற்காலி ஐரோப்பாவில் ரொம்ப காலம் தாக்குப்பிடித்தது. 1513-ல் ஜெர்மனியில் ஓய்காரியுஸ் ரோஸ்லின் அச்சிட்ட பிரசவக் கையேட்டில் அதன் படமே இருக்கிறது. 1601-ல் பிரான்ஸ் ராணி மேரி தெ மெடிசி, பின்னாளில் பதின்மூன்றாம் லூயி ஆகப்போகும் பிள்ளையைப் பெற்றதும் அப்படி ஒரு நாற்காலியில்தான். பிரசவம் பார்த்தவர் லூயீஸ் பூர்ஷ்வா என்ற மருத்துவச்சி. அவர் பிறகு அதை எழுதியும் வைத்தார். பிள்ளை பிறந்ததும் ராஜா ஆனந்தத்தில் கதவைத் திறந்துவிட, இருநூறு பேர் அறைக்குள் திமுதிமுவென்று நுழைந்துவிட்டார்களாம். பூர்ஷ்வாவுக்குக் கோபம். ராணியை இன்னும் கட்டிலுக்குக்கூட மாற்றவில்லை. ராஜாவோ, இந்தப் பிள்ளை எல்லாருக்கும் சொந்தம், அவங்களும் சந்தோஷப்படட்டுமே என்கிற மாதிரிப் பதில் சொல்கிறார்.

அதே நாடு, 67 வருஷம் கழித்து. 1668-ல் ஒரு புத்தகம் வருகிறது, கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும் நோய்களைப் பற்றி. எழுதியவர் பிரான்சுவா மோரிசோ. பாரிஸின் பெரிய தர்ம ஆஸ்பத்திரியான ஓட்டெல் தியூவில் தொழில் கற்ற அறுவை மருத்துவர். ஆண். அவர் நாற்காலியை ஒதுக்கிவிட்டுக் கட்டிலைச் சிபாரிசு செய்கிறார். அந்தப் பெண்ணுக்கு அது வசதி, பிரசவம் முடிந்ததும் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைக்கிற வேலையும் மிச்சம் என்பது அவர் கணக்கு.

மோரிசோவை வில்லன் ஆக்க எனக்கு மனசு வரலை. அவருடைய தங்கை கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ரத்தப்போக்கு வந்து இறந்துபோனவள். கூப்பிட்ட பேர்போன மருத்துவர் கைவிட்டுவிட, கடைசியில் இவரே தன் கையால் குழந்தையை எடுக்கவேண்டி வந்தது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. அதை அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். பிரசவத்தை ஆபத்தாகப் பார்ப்பதற்கு அந்த மனுஷனுக்குக் காரணம் இருந்தது. அதோட, அவர் சொன்னது இன்று நாம் பார்க்கும் தட்டையான மல்லாந்த நிலை இல்லை. தலையும் நெஞ்சும் உயர்த்தி, படுத்ததுமில்லாமல் உட்கார்ந்ததுமில்லாமல் ஒரு நிலை. தட்டையானது பின்னால் வந்தவர்கள் கையில்.

இந்த இடத்தில் நீங்க ரீல்ஸில் பார்த்திருக்கக்கூடிய ஒரு கதை வரும். பதினான்காம் லூயிக்குத் தன் காதலி பிள்ளை பெறுவதைத் திரைக்குப் பின்னால் இருந்து பார்க்க ஆசையாம், நாற்காலியில் இருந்தால் சரியாகத் தெரியாது என்று படுக்கவைக்கச் சொன்னானாம், அதிலிருந்து உலகமே படுத்துவிட்டதாம். சுவாரசியமான கதை, ஷேர் பண்ணத் தோணும். ஆனால் இதற்கு உறுதியான சமகால ஆதாரம் எதுவும் கிடையாது. ராஜாவின் காதலிகளுக்கு மருத்துவச்சிக்குப் பதிலாக ஆண் மருத்துவரை ரகசியமாக அழைத்தார்கள், அதைப் பார்த்துப் பணக்கார வீடுகளிலும் அது நாகரிகமானது என்ற வரைக்கும் சொல்லலாம். ஒரு ராஜாவின் வக்கிரம் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை சுலபமாக முடிந்துவிடும். உண்மைக் காரணம் அவ்வளவு கிளுகிளுப்பாக இல்லை. அது ஒரு கருவி.

நம்ம ஊரில் 'ஆயுதக் கேஸ்' என்று கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த ஆயுதம்தான், ஃபோர்செப்ஸ். மதக் கலவரத்துக்குப் பயந்து 1569-ல் பிரான்ஸில் இருந்து இங்கிலாந்துக்கு ஓடிவந்த சேம்பர்லென் குடும்பத்தின் கண்டுபிடிப்பு. தலைமுறை தலைமுறையாக ரகசியமாக வைத்திருந்தார்கள். உயிர் காக்கும் ஒரு கருவியை நூறு வருஷத்துக்கும் மேலாக வியாபார ரகசியமாக வைத்திருந்த குடும்பம் என்பதை எப்போது படித்தாலும் எரிச்சலாக இருக்கு.

1670-ல் அந்தக் குடும்பத்து ஹியூ சேம்பர்லென் ரகசியத்தை விற்கலாம் என்று பாரிஸுக்கு வருகிறார். மோரிசோ அவருக்கு ஒரு பரீட்சை வைக்கிறார். எலும்பு நோயால் இடுப்பு ரொம்பக் குறுகிப்போன ஒரு பெண், நாள்கணக்கில் வலியில் கிடக்கிறாள். சில நிமிஷத்தில் முடித்துவிடுவேன் என்கிறார் சேம்பர்லென். கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் போராடுகிறார். முடியவில்லை. அந்தப் பெண் மறுநாள் இறந்துபோகிறாள், குழந்தை வயிற்றுக்குள்ளேயே. இதையும் மோரிசோதான் பதிந்து வைத்திருக்கிறார். அவள் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

விற்பனை படியவில்லை. ஆனால் சேம்பர்லென் வெறுங்கையோடு திரும்பவில்லை. மோரிசோவின் புத்தகத்தை லண்டனுக்குக் கொண்டுபோய், 1672-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆயுதம் பாரிஸுக்குப் போகவில்லை, கட்டில் லண்டனுக்கு வந்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆயுத ரகசியமும் வெளியே கசிந்து பரவியது. அந்தக் குடும்பத்தின் அசல் ஆயுதங்கள் 1813-ல்தான் கிடைத்தன. எசெக்ஸில் அவர்கள் வாழ்ந்த வீட்டில், தரைப் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்கள்.

இப்போ சொரானஸை ஞாபகப்படுத்திக்கோங்க. மருத்துவச்சியின் வேலை கையால், பக்கத்தில் உட்கார்ந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு செய்கிற வேலை. ஆயுதம் பிடிக்கிறவருக்குக் கண்ணுக்கு நேரே தெரியணும். வெளிச்சம் வேணும், இரண்டு கையும் போய்வர இடம் வேணும், எதிரில் இருக்கிற உடம்பு அசையாமல் இருக்கணும். அப்படியானால் அவளைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிக் கட்டுவதுதான் வழி. இந்த நிலைக்கு மருத்துவத்தில் இன்றைக்கும் லித்தாட்டமி பொசிஷன் என்று பெயர். லித்தோஸ் என்றால் கிரேக்கத்தில் கல், தாமி என்றால் வெட்டுவது. சிறுநீர்ப்பையில் கல் அடைத்தவர்களைப் படுக்கவைத்து அறுத்துக் கல்லை எடுத்த நிலை. பிள்ளைப்பேற்றுக்காக யாரும் யோசித்து உருவாக்கிய நிலை அல்ல. கல் எடுக்கிற மேஜையில் பிள்ளை எடுத்தார்கள், பெயரைக்கூட மாற்றவில்லை.

கஷ்டமான கேஸுக்கு அது தேவை. வெளியே வராமல் சிக்கிக்கொண்ட குழந்தையை எடுக்க வேறு வழி இருந்திருக்காது. எல்லாருக்கும் அதுவே என்று ஆனதுதான் விபரீதம். இங்கிலாந்தில் கொஞ்சம் தப்பினார்கள், அங்கே இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைக்கிற பழக்கம் நீண்ட நாள் இருந்தது. அமெரிக்காவில் மல்லாக்கதான் வழக்கமாகியது.

ஆண்கள் திணித்தார்கள், பெண்கள் அனுபவித்தார்கள் என்று முடித்துவிடலாமா? முடியாது. 1853-ல் விக்டோரியா ராணி குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டு பிள்ளை பெற்றார், அதில் அவருக்கு ஏக திருப்தி. 1914 வாக்கில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்தில் இருந்து 'ட்விலைட் ஸ்லீப்' என்ற முறை அமெரிக்காவுக்குப் போனது. மார்ஃபினும் ஸ்கோபோலமைனும் கலந்து போட்டால் வலி மறந்துபோகும். மறந்துதான் போகும், இல்லாமல் போகாது. மருந்து மயக்கத்தில் கத்தித் திமிறுகிறவர்களைக் கட்டிலோடு கட்டவேண்டி இருந்தது. அந்த மருந்தைக் கேட்டு இயக்கம் நடத்தியவர்களே பெண்கள்தான், ஓட்டுரிமைக்குப் போராடியவர்களும் அதில் உண்டு. வலியில் இருந்து விடுதலை கேட்டார்கள், கட்டிலும் கூடவே வந்தது.

அதன் விலை என்ன என்று 1958-ல் வெளியே தெரிந்தது. அமெரிக்காவில் அப்போது வீட்டுக்கு வீடு வாங்கிய 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' பத்திரிகை ஒரு நர்ஸின் கடிதத்தை வெளியிட, அதைத் தொடர்ந்து வாசகிகளிடம் இருந்து கடிதங்கள் குவிந்தன. பிரசவ வார்டில் கைகால் கட்டப்பட்டு மணிக்கணக்கில் மேஜையில் கிடந்ததை ஒவ்வொருத்தியும் எழுதினாள். எனக்கு மட்டும்தான் இப்படி என்று அதுவரை நினைத்திருந்தவர்கள்.

சரி, மெட்ராஸ். 1844-ல் இங்கே ஒரு பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கினார்கள், இன்றைய எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் ஆரம்பம் அதுதான். அப்போது அதன் பெயர் 'மெட்ராஸ் லையிங்-இன் ஹாஸ்பிடல்'. லையிங்-இன் என்றால் பிள்ளை பெற்றபின் படுக்கையில் ஓய்வெடுக்கும் காலம். ஆங்கிலத்தில் பேறுகாலத்துக்கான சொல்லிலேயே படுக்கை இருந்தது. தமிழில் நாம் 'பெற்றுப் பிழைத்தாள்' என்போம், அதில் படுப்பது எங்கேயும் இல்லை. சும்மா ஒரு கவனிப்பு, இதை வைத்து பெருமை பேச வேண்டாம்.

ஏன்னா நம்ம மருத்துவச்சிகளுக்கு நாம் கொடுத்த மரியாதை பற்றிப் பேசினால் அசிங்கமாக இருக்கும். தமிழ்நாட்டு ஊர்களில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்தது நாவிதர் சமூகத்துப் பெண்கள். உள்ளே போய்ப் பிள்ளையை வாங்குவாள், ஆனால் தீட்டு என்று சொல்லி அவளை ஒதுக்கி வைப்பார்கள். கூலி ஒரு படி நெல்லும் ஒரு பழைய புடவையும். ரோமில் ஸ்க்ரிபோனியா தனக்கே கல்லறை கட்டிச் சிற்பம் வைத்துக்கொண்டாள். நம்ம மருத்துவச்சி தெரிந்துவைத்திருந்ததை யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதவில்லை. எந்த நேரத்தில் நடக்கவிடுவது, எப்போது மண்டி போடவைப்பது, தலை இடுப்பில் சிக்கினால் எந்தக் காலைத் தூக்கி வைக்கச் சொல்வது என்பதெல்லாம் அவர்களோடவே போயிடுச்சு.

இன்னொரு பக்கமும் இருக்கு. பாட்டியிடம் அந்தக் கயிற்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டேன். மூணாவது தடவை கேட்டபோது, கூடவே இருந்த ஒரு விஷயத்தையும் சொன்னாங்க. அவங்க தங்கைக்கும் அதே வீட்டில், அதே உத்தரத்தில்தான் கயிறு கட்டினார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் முடிந்துவிட்டது. வயது பத்தொன்பது. "நின்னா என்ன, படுத்தா என்ன, ஊசி இல்ல அப்போ" என்று சொல்லிவிட்டுப் பாட்டி எழுந்து உள்ளே போயிட்டாங்க.

அதனால் இதை 'அந்தக் காலம் பொற்காலம், ஆஸ்பத்திரிக்குப் போகாதே' என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீங்க. 2018-ல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு இளம்பெண் இறந்துபோனது நமக்கெல்லாம் தெரியும். நான் கேட்பது ஆஸ்பத்திரியா வீடா என்று இல்லை. ரத்தப்போக்குக்கு ஊசி, தேவைப்பட்டால் சிசேரியன், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற அதே அறைக்குள், வலியில் இருக்கிறவள் எழுந்து நடக்கலாமா கூடாதா? இவ்வளவுதான் கேள்வி.

இதை மருத்துவர்களே கேட்க ஆரம்பித்த கதையும் பழசுதான். 1882-ல் ஜார்ஜ் எங்கல்மன் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் உலகத்தின் பல மக்களிடையே பெண்கள் எப்படிப் பிள்ளை பெறுகிறார்கள் என்று திரட்டி ஒரு புத்தகம் போட்டார். தலைப்பில் அவர்களை 'ஆதிவாசிகள்' என்ற தொனியில்தான் குறிப்பிடுகிறார். ஆனால் உள்ளே அவர் கண்டது, தன் இஷ்டத்துக்கு விட்டால் பெண்கள் குந்துகிறார்கள், மண்டி போடுகிறார்கள், எதையாவது பிடித்துத் தொங்குகிறார்கள், நிலையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மல்லாந்து படுப்பது அபூர்வம்.

படித்தவர்கள் படித்தார்கள், கட்டில் அசையவில்லை. 1970களில் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்க்க வயிற்றில் பெல்ட் கட்டும் இயந்திரம் பரவியதும் இன்னும் இறுக்கமானது. எழுந்தால் வயர் கழன்றுவிடும்.

அதே சமயத்தில் உருகுவே நாட்டில் ரொபெர்த்தோ கல்தெய்ரோ-பார்சியா என்ற மருத்துவர் கருப்பை சுருங்கும் விசையை அளந்துகொண்டிருந்தார். இன்றும் அந்த விசைக்கான அளவுக்கு அவருடைய ஊர்ப் பெயர்தான், மான்டிவீடியோ யூனிட். அவர் சொன்னதன் சாரம் இது: மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும், குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையலாம். நிமிர்ந்திருந்தால் வலி நன்றாக வேலை செய்யும். காலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவதைத் தவிர்த்தால் பிரசவத்துக்கு இதைவிட மோசமான நிலை கிடையாது என்று அவர் கிண்டலாகச் சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. பாட்டியின் கிணற்றுத் தண்ணீர் கேள்வியைத்தான் இவர் கருவி வைத்து அளந்தார்.

தெருவில் இறங்கிக் கேட்டது லண்டனில். ஜேனட் பலாஸ்காஸ் என்ற பெண் 'ஆக்டிவ் பர்த்' என்று ஒரு பெயரே வைத்து கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பெரிய மருத்துவமனை நிமிர்ந்த நிலையில் பிரசவம் கூடாது என்று தடை போட்டது. 1982 ஏப்ரலில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் திடலில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். எழுந்து நிற்கிற உரிமைக்காக ஒரு ஆர்ப்பாட்டம்! கேட்க வேடிக்கையாக இருக்கும். எங்க அக்காவுக்கு வேடிக்கையாக இருக்காது.

இனி எண்கள். 2013-ல் காக்ரேன் அமைப்பு 25 ஆய்வுகளை, 5,218 பெண்களின் தகவலை ஒன்றாக வைத்துப் பார்த்தது. கருப்பை வாய் திறக்கிற அந்த நீண்ட முதல் கட்டத்தில் நடப்பது, நிற்பது, உட்காருவது, மண்டி போடுவது என்று இருந்தவர்களுக்கு, படுத்திருந்தவர்களைவிட சராசரியாக 1 மணி 22 நிமிஷம் குறைவாகப் பிடித்தது. சிசேரியனும் குறைவு. அக்காவுக்கு இந்த எண்ணைச் சொன்னபோது, "ஒன்னேகால் மணி நேரம்னா எத்தனை வலின்னு உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

முக்கித் தள்ளுகிற இரண்டாவது கட்டத்தில் கணக்கு இவ்வளவு நேராக இல்லை. எபிடூரல் போடாதவர்களில், நிமிர்ந்த நிலையில் ஆயுதக் கேஸ் குறைகிறது, கத்தரித்துத் தையல் போடுவதும் குறைகிறது. ஆனால் ரத்தம் 500 மில்லிக்கு மேல் போகிற வாய்ப்பு கொஞ்சம் கூடலாம் என்றும் தெரிகிறது. முதுகில் எபிடூரல் போட்டவர்களுக்கு விஷயமே தலைகீழ். பிரிட்டனில் 3,093 பெண்களிடம் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், ஒருக்களித்துப் படுத்திருந்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு ஆயுதமோ ஆபரேஷனோ இல்லாமல் பிறந்தது. நிமிர்ந்து இருந்தவர்களில் 35 சதவீதம். ஆக, நிற்பதுதான் சரி, படுப்பது தப்பு என்று நானும் ஒரு புது விதி போட முடியாது. முதுகு வலி அதிகம் என்றால் கட்டில் விளிம்பில் சாய்ந்து மண்டி போட்டோ, தவழ்கிற மாதிரி இருந்தோ பார்க்கலாம். களைத்தால் இடது பக்கம் படுக்கலாம். துணைக்கு இருக்கிறவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கலாம். வலிக்கு வலி மாறலாம். ரத்த அழுத்தம், ரத்தப்போக்கு, குழந்தையின் துடிப்பில் சந்தேகம் என்று ஏதாவது இருந்தால் டாக்டர் படுக்கச் சொல்வார், படுக்கணும். அப்போ அந்தப் படுக்கைக்கு ஒரு காரணம் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில், ஆபத்து குறைவான பிரசவத்தில் நடமாட்டத்தையும் நிமிர்ந்த நிலையையும் ஊக்குவிக்கச் சொல்கிறது. நம்ம மத்திய அரசு 2017 கடைசியில் தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் பிரசவ அறையில் துணைக்கு ஒருவர், வசதியான நிலையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் என்று எழுதி வைத்திருக்கிறது. காகிதத்தில் இருக்கு. ஓய்வு பெற்ற ஒரு அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "ஒரு ராத்திரியில ரெண்டு பேர் பன்னெண்டு பிரசவம் பார்த்திருக்கோம் பாப்பா. ஒருத்தி நடக்கிறா, ஒருத்தி குந்துறான்னா நான் யார் பின்னாடி ஓடுறது? அந்த டேபிள் உசரத்தைப் பார்த்திருக்கியா? அது எங்க இடுப்புக்குச் செஞ்சது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். படுக்கச் சொன்னது யார் என்ற கேள்விக்கு நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்லவில்லை.

அக்கா இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள். போன செக்கப்பில் வேற ஒரு டாக்டரிடம் நேராகவே கேட்டிருக்கிறாள், வலி வந்தால் நடக்க விடுவீங்களா என்று. "பெல்ட் போட்டு இருபது நிமிஷம் பார்ப்பேன். எல்லாம் சரியா இருந்தா தாராளமா நடங்க. பிறக்குற நேரத்துல எப்படி இருக்கலாம்னு அன்னைக்கு உங்க நிலைமையைப் பார்த்துப் பேசிக்கலாம், உங்க வீட்டுக்காரரையும் கூட வரச் சொல்லுங்க" என்றாராம் அவர். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் பாட்டிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"புடிச்சுத் தொங்க ஏதாச்சும் இருக்குமாடி அங்க?"